பதினொரு பின்கள்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மதர்போர்டை வைத்து, கைபேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் சவரிநாதனுக்கு அந்த மூலை தெரிந்தது. பிராசஸர் உட்கார வேண்டிய, சாக்கெட் என்கிற சதுரக் குழியில் ஆயிரத்துச் சொச்சம் பின்கள். தலைமுடி தடிமன்தான் இருக்கும் ஒவ்வொன்றும். வரிசை வரிசையாக ஒரே கோணத்தில் நின்றன, வெளிச்சத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எல்லாம் சேர்ந்தாற்போல மின்னின. இடதுபக்கம் கீழ்மூலையில் மட்டும் ஒரு சின்னக் கூட்டம் மின்னவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தூசியாக இருக்கலாம் என்று மெல்ல ஊதினார். தூசியில்லை. அந்த இடத்துப் பின்கள் படுத்துக் கிடந்தன.

டார்ச்சை அணைத்தார். முந்தின நாள் முழுக்க அந்தப் பெட்டி அவரைப் பைத்தியமாக்கியிருந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினார். மெமரியைக் கழற்றி மாட்டினார். பிராசஸரையே மூன்று தடவை எடுத்து வைத்தார். காரணம் தெரியாமல் தவித்ததைவிட இப்போது தெரிந்த காரணம் மோசமாக இருந்தது.

சவரிநாதன் திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர். ராட்சச வால்வுகளின் வாயும் மூடியும் ஒன்றோடொன்று பொருந்தும்படி இழைத்துச் சேர்ப்பது அவர் வேலை. நடுவில் ஒரு காகிதம்கூட நுழையக்கூடாது. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மேலப்புதூரில் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அவர் வீட்டுக் குழாய்களுக்கு வாஷர் மாற்றினார், மிக்ஸியைப் பிரித்தார், கோவில் மேடையின் ஆடுகிற நாற்காலிகளை ஆடாமல் ஆக்கினார். மனுஷனுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? மகள் அனிஷாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை கிடைத்தது. கட்டடங்களின் உள்ளறைகளைக் கணினியில் வரைந்து காட்டும் வேலை. அதற்குக் கனமான கம்ப்யூட்டர் வேண்டும், பாகங்களாக வாங்கிச் சேர்த்தால் நல்லதாக அமையும் என்றாள். "நீங்களே மாட்டிக் குடுத்திடுங்கப்பா" என்று அவள் சொன்ன அன்று அவருக்கு ராத்திரிச் சாப்பாடு ஒரு பிடி கூடவே இறங்கியது. யூடியூபில் நாலு வீடியோ பார்த்தார். பழைய டைரியில் குறிப்பெடுத்தார். "சாக்கெட்டை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் கையெழுத்துதான். டைரி இப்போதும் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

தொட்டேனா?

இதற்குப் பதில் தன்னிடம் இருக்கும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். அட்டைப்பெட்டியைத் திறந்தது நினைவிருந்தது. சாம்பல் உறையைப் பிரித்தது, அதன் வாசனை, சின்ன இரும்புக் கம்பியைத் தூக்கியது, கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்துக் கீறல் விழாமல் தட்டில் வைத்தது எல்லாம் நினைவிருந்தது. அந்த நேரம் தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும், மனைவி மேரி சமையலறையிலிருந்து "வஞ்சிரமான்னு கேளுங்க" என்று குரல் கொடுத்ததும்கூட நினைவிருந்தது. அடுத்த நினைவு, பிராசஸர் உள்ளே உட்கார்ந்து கம்பியை மூடுவது. நடுவில் இருந்த கொஞ்ச நேரம் காணவில்லை. அரை நிமிஷம் இருக்கலாம். அந்த அரை நிமிஷத்தில் தன் கைகள் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒருவருக்குத் தன் கையே கணக்குச் சொல்லாமல் இருப்பது என்ன மாதிரியான அவமானம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அனிஷா ஸ்ரீரங்கத்தில் தோழி பவித்ரா வீட்டில் இருந்தாள். கம்பெனிக்காரர்கள் கொடுத்த பயிற்சிப் பாடத்தைப் பவித்ராவின் கம்ப்யூட்டரில் முடித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வேலையில் சேர வேண்டும். சவரிநாதன் போனில் விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பதற்றமும் இல்லை.

"அப்படியே இங்க எடுத்துட்டு வாங்கப்பா. பவித்ரா தெரு முனையில அனுசுயாக்கா கடை இருக்கு. மொபைல் போர்டெல்லாம் மைக்ராஸ்கோப்ல வச்சுதான் பாப்பாங்க. காட்டிடலாம்."

மதர்போர்டை உறையில் போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியைத் துணிக்கடைப் பையில் வைத்து, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். மடியில் வைத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் "ஸ்வீட்டா சார், விசேஷத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தார். திருவானைக்காவல் தாண்டும்வரை அதே அரை நிமிஷத்தைத் தேடிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில், தொட்டதாகவே ஒரு நினைவு வந்தது. குழியில் விரல் படுகிறது, சில்லென்று இருக்கிறது. அடுத்த நிமிஷமே அது உண்மையில் நடந்ததா, அல்லது நடந்திருக்குமோ என்று பயந்து பயந்து தானே செய்துகொண்டதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அனுசுயாவின் கடை இரண்டு ஆள் நிற்கிற அகலம். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே "வாங்க சார், ஒரு நிமிஷம்" என்றாள். அனிஷா முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். போர்டை வாங்கி, விளிம்பை மட்டும் பிடித்து, லென்ஸுக்குக் கீழே வைத்தாள் அனுசுயா. பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் அந்த மூலை பெரிதாக வந்தது. சவரிநாதன் குனிந்து பார்த்தார். புயலுக்கு அடுத்த நாள் வாழைத்தோட்டம் கிடக்கிற மாதிரி கிடந்தது அது.

"பதினொண்ணு" என்று எண்ணிச் சொன்னாள் அனுசுயா. "எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க. மேலேர்ந்து ஏதாவது விழுந்திருந்தா தாறுமாறா இருக்கும். இது மேல ஏதோ ஒண்ணு தடவிட்டுப் போயிருக்கு."

"என்னதுக்கா அது?" என்றாள் அனிஷா.

"துணியா இருக்கலாம். விரலா இருக்கலாம். கம்பெனியிலயே மூடி போடறப்ப சரிஞ்சு போறதும் உண்டு. நானே ரெண்டு பாத்திருக்கேன்." லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "நீங்க தொட்டீங்களா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அனிஷா சிரித்துவிட்டாள்.

"எங்கப்பாவா? பிளான்ட்ல முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டர்க்கா. அவர் விரல் இப்படிப் பண்ணாது."

இதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அனிஷாவுக்கு ஒன்பது வயதில் யாரோ போட்டுவிட்ட மோதிரம் வீங்கிய விரலில் மாட்டிக்கொண்டது. சோப்பு, எண்ணெய், நூல் எதற்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வெட்டுவார்கள் என்றதும் பிள்ளை ஊரைக் கூட்டிவிட்டது. சவரிநாதன் அவளை மடியில் உட்காரவைத்து, ஊசி அரத்தால் முக்கால் மணி நேரம் அந்த மோதிரத்தை மட்டும் இழைத்தார். தோலில் ஒரு கீறல் இல்லை. பாதியில் அவள் தூங்கியே போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அப்பாவின் கையைப்பற்றி ஒரு தீர்மானம். அதை அவள் யாரிடமும் விவாதிப்பதில்லை.

"நான் நிமித்திப் பாக்கலாம். ஆனா நான் தொட்டுட்டா கடைக்காரர் எடுத்துக்க மாட்டார்" என்றாள் அனுசுயா. "ரெண்டு பின் கழுத்து ஒடியற நிலையில இருக்கு. பேசாம வாங்கின இடத்துலயே குடுத்து மாத்திக்கங்க."

கடைக்கு வெளியே நின்றே அனிஷா போன் போட்டுப் பேசினாள். பாகங்களை வாங்கியது சிங்காரத்தோப்பில், மாடியில் இருக்கிற பரக்கத் அலி கடையில். திங்கட்கிழமை காலை கொண்டுவரச் சொல்லிவிட்டான். "அவர் தொடவே இல்லண்ணா, பிரிச்சப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்று அவள் சொல்வதைச் சவரிநாதன் பக்கத்தில் நின்று கேட்டார். இல்லை என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தார். "அம்மாடி, பிரிச்சப்ப நான் அந்தப் பின்னையெல்லாம் சரியாப் பாக்கலை. பாத்தேனாங்கறதும் ஞாபகம் இல்ல. ஒருவேளை என் கைதான் பட்டுச்சோ என்னவோ."

"டைரில நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, தொடக்கூடாதுன்னு. அப்புறம் எப்படித் தொடுவீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

"சும்மா கொழப்பிக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் மடியிலிருந்த பையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மேரியைப் பிடித்துக்கொண்டார். மேரி நடுநிலைப்பள்ளி ஆசிரியை, பள்ளிக்கு அப்போது விடுமுறை. ஞாயிறு பூசைக்கு வாசகம் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து நான் மேசையில உக்காந்து வேலை பாத்தப்ப நீ பாத்தியா? அந்தக் குழியில நான் கை வச்சேனா?"

"அடுப்புல கொழம்ப வச்சுட்டு நான் உங்க கையப் பாத்துட்டா இருந்தேன்?" என்றாள் மேரி. பிறகு வாசகப் புத்தகத்தை மூடிவிட்டு, இயல்பாகச் சொன்னாள்: "ஆனா நீங்க தடவாம எதைத்தான் விட்டீங்க? டம்ளர் வாங்கப் போனா விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால ஒரு சுத்து சுத்தாம வாங்கமாட்டீங்க. எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துல சாப்பாட்டு மேசை ஓரத்தைத் தடவிட்டு, பிசிறு எடுக்கலன்னு சொல்லி, அவர் மூஞ்சி போன போக்கு."

சவரிநாதன் அவளையே பார்த்தார். தனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. இரும்பை அறுத்தால், துளையிட்டால், கடைந்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இரண்டு பாகத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காதவன் ஃபிட்டரே இல்லை. அது தெரியும். ஆனால் தொழிற்சாலை வாசலோடு அது நின்றுவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். இவள் சொல்கிற டம்ளர் எது? எப்போது? அந்த மேசை ஞாபகம் இருந்தது, மைத்துனர் முகமும் ஞாபகம் இருந்தது, தடவியது ஞாபகம் இல்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்றார்.

"கல்யாணம் பேசி முடிச்சு மோதிரம் போட்டீங்களே, அன்னிக்கே அதைத் தடவிட்டுத்தான் போட்டீங்க" என்று சொல்லிவிட்டு மேரி மறுபடி வாசகத்தில் இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தன் வலதுகையை வேவு பார்த்தார். கோவிலில் முன்னிருக்கையின் சட்டத்தில் கை கிடந்தது, நல்ல பிள்ளையாக. காப்பி டம்ளரை வாங்கியபோது கவனித்தார், தடவவில்லை. கவனிக்கும்போது தடவாது போலிருக்கிறது. கவனிக்காதபோது என்ன செய்கிறது என்று எப்படிக் கவனிப்பது? இந்த இடத்துக்கு வந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. யாரோ ஒருவன் இத்தனை வருஷமாகத் தன் தோளுக்குக் கீழே குடியிருந்துகொண்டு, தன்னைக் கேட்காமல் காரியம் பார்த்து வருகிறான், அவனை நம்பித்தான் மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அப்படி வைத்துக்கொண்டாலும் இந்தத் தடவை அவன்தான் செய்தான் என்று என்ன நிச்சயம்? மூடி போடும்போது கம்பெனியிலேயே சரிவது உண்டென்று அந்தப் பெண் சொன்னாளே. செய்யாத தப்பை ஏற்றுக்கொள்வதும் பொய்தானே? தொழிற்சாலையில் ஒரு வேலை கெட்டுப்போனால் பதிவேட்டில் இரண்டே கட்டம்: பொருளின் குறை, ஆளின் குறை. அவர் மூன்று தடவை இரண்டாவது கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார், கூசாமல். தெரியவில்லை என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. அப்போது அது ஒரு குறையாகவும் படவில்லை.

திங்கட்கிழமை காலை பரக்கத் அலியின் கடைப் படிகளில் ஏறும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தெரியவில்லை என்பதையே சொல்லிவிடுவது. அவன் மாற்றித் தந்தால் தரட்டும், இல்லாவிட்டால் புதிதாக வாங்கிக்கொள்வது. அனிஷாவின் முகம் ஒரு மாதிரி ஆகும். ஆகட்டும். ஆனால் முப்பது வயதுப் பரக்கத் அலி அவர்களை உட்காரவைத்து, விசிறியைத் திருப்பி விட்டு, டீக்குச் சொல்லி, பேச விடவே இல்லை.

"தங்கச்சி எல்லாம் சொல்லிடுச்சு சார். எங்க மாமு நஸ்ருல்லா உங்க பிளான்ட்லதான் வெல்டரா இருந்தாங்க. அங்கத்த ஆளுங்க வேலை எனக்குத் தெரியும். வேற யாராவது வந்திருந்தா நூறு கேள்வி கேட்டிருப்பேன்." போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தான். "ஆமா, வளைஞ்சிருக்கு. கம்பெனிக்கு அனுப்பறப்ப கஸ்டமர் தொடலன்னு ஒரு லெட்டர் கேப்பாங்க. நானே டைப் பண்ணிடறேன், நீங்க கையெழுத்துப் போட்டா போதும். புது போர்டு இப்பவே எடுத்துட்டுப் போங்க."

"தம்பி, ஒரு விஷயம்" என்றார் சவரிநாதன்.

"சொல்லுங்க சார். ஒரு செகண்டு." அலி அலமாரியிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து, உறையைப் பிரித்து, கறுப்பு மூடியை லாவகமாகக் கழற்றி, போர்டை அவர் கையில் கொடுத்தான். "இதை ஒருதடவ நீங்களே கண்ணால பாத்துக்கங்க. இதுலயும் வளைஞ்சிருக்குன்னு நாளைக்கு வரக்கூடாது பாருங்க." சிரித்துக்கொண்டே பிரிண்டர் பக்கம் போனான்.

சவரிநாதன் எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போர்டைச் சாய்த்தார். தம்பி, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இல்லை, தம்பி, என் கை பட்டிருக்கவும் வாய்ப்பிருக்கிறது. எது சரியாக இருக்கும்? வெயில் குழிக்குள் விழுந்து எல்லாப் பின்களும் ஒன்றாக மின்னின. இடது கீழ்மூலை சுத்தம். வலது கீழ்மூலை சுத்தம். மேலே இரண்டும் சுத்தம். என்ன வேலை, என்ன நேர்த்தி. இப்படி ஒன்றைக் கையில் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். மனசுக்குப் பழைய நிம்மதி வந்தது.

"அப்பா."

சத்தம் தாழ்ந்துதான் வந்தது. அனிஷா பக்கத்தில் வந்து நின்று அவருடைய வலதுகை மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே நீண்டிருந்தது. பின்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அவர் அதை அனுப்பவில்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

அனிஷா விரலைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். தொலைந்துபோன இடத்தில் வழி கேட்கிறவள் மாதிரிப் பார்த்தாள். அவர் இடதுகையால் போர்டை மேசைமேல் வைத்தார். வெட்கத்தில் காது சுட்டது.

"இந்தாங்க சார். ரெண்டே வரிதான்." அலி தாளை அவர் முன்னால் வைத்து, குறுக்கே பேனாவையும் வைத்தான். பெட்டியைத் திறந்தபோதே பின்கள் வளைந்திருந்தன, என் கை படவில்லை என்று இருந்தது. கீழே புள்ளிக்கோடு, அதன் அடியில் அவர் பெயர்.

அனிஷா மணிக்கட்டை விடவில்லை. அவளும் தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடி இறுகிக்கொண்டே வந்தது. கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறாளா, ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்கிறாளா, அவருக்கு விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால், அவளுக்கும் விளங்கவில்லை போலத்தான் இருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பேனா எழுதாதுன்னு பாக்கறீங்களா? இருங்க சார், வேற தரேன்" என்று மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் கிறுக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.